நிலத்தின் சுவையா, கையின் சுவையா?
பிரெஞ்சு ஒயினும் ஊர்ப்பெயரும்: ஓர் ஆய்வு

பிரெஞ்சு ஒயின் புட்டிகள் பலவற்றில் திராட்சை இரகத்தின் பெயர் இருப்பதில்லை. ஊரின் பெயரே முன்னால் நிற்கும்: சாப்லி, சான்செர், பொம்மார், மார்கோ. இரகம் எது, சுவை எப்படி இருக்கும் என்பதை வாங்குபவர் ஊர்ப்பெயரைக் கொண்டே அறிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிலத்தில் விளைந்த திராட்சை வேறெங்கும் கிடைக்காத சுவையைத் தரும் என்ற நம்பிக்கைதான் இந்த வழக்கத்துக்கு அடித்தளம். அது எந்த அளவுக்கு உண்மை? சுவையைத் தருவது மண்ணா, வானிலையா, செய்பவரின் கைப்பக்குவமா, அல்லது விலையும் புகழும் சேர்ந்து வளர்த்த எதிர்பார்ப்பா? துறவிகள், வணிகர்கள், வேதியியலாளர்கள், புவியியலாளர்கள், சட்டம் இயற்றியோர் எனப் பலரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டமும் இதே நம்பிக்கையின் மேல் நிற்பதால், ஒயின் அருந்தாதவருக்கும் இக்கேள்வி அயலானதன்று.

ஒயின் உருவாகும் விதம்

பழுத்த திராட்சையின் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இந்த நொதித்தலே ஒயினின் அடிப்படை. அது உயிருள்ள நுண்ணுயிரின் வேலை என்பதை நிறுவிய லூயி பாஸ்டர், ஒயின் கெடுவதற்கான காரணங்களை ஆராய்ந்து 1866-இல் தனி நூலே வெளியிட்டார்.

பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறும் நிறமற்றதுதான். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடும் கொட்டையோடும் சேர்த்து நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின் கிடைக்கும். அதன் துவர்ப்பும் அவற்றிலிருந்தே வருகிறது. பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெள்ளை ஒயின். தோலைச் சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டு எடுத்தால் இளஞ்சிவப்பு ஒயின். ஷாம்பெயினில் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்தல் நடக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு குமிழிகளாகத் தங்கிவிடுகிறது.

இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்வு உண்டு. எப்போது அறுவடை செய்வது, காட்டு ஈஸ்டை நம்புவதா அல்லது வளர்த்த ஈஸ்டை இடுவதா, எந்த வெப்பநிலையில் நொதிக்கவிடுவது, எஃகுத் தொட்டியில் வைப்பதா அல்லது ஓக் மரப் பீப்பாயில் வைப்பதா என ஒவ்வொன்றும் சுவையை மாற்றும். நிலம் பெரிதா, கை பெரிதா என்ற விவாதம் இந்தத் தேர்வுகளில்தான் வேர்கொள்கிறது.

பகுதிகளும் அவற்றின் இயல்பும்

தென்மேற்கில் அட்லாண்டிக் கடலை ஒட்டிய போர்தோ, ஆறுகளால் பிரிக்கப்பட்ட பகுதி. ஜிரோந் கழிமுகத்தின் இடக்கரையான மெதோக்கில் சரளை மண் மிகுதி. அங்கே கபெர்னே சொவிஞோன் முதன்மை பெறுகிறது. வலக்கரையில் சேன்-எமிலியோன், பொமெரோல் பகுதிகளின் களிமண்ணிலும் சுண்ணாம்பு நிலத்திலும் மெர்லோ ஓங்கி நிற்கிறது. இரண்டு, மூன்று இரகங்களைக் கலப்பதே போர்தோவின் வழக்கம்.

கிழக்கில் உள்ள பர்கண்டி இதற்கு எதிர்முனை. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என ஒற்றை இரகத்தையே அது நம்புகிறது. நிலம் மட்டும் சிறு சிறு துண்டுகளாகப் பெயரிடப்பட்டு, தர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் துண்டுகளை யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பர்கண்டிக்குத் தெற்கே போஜொலேயின் கருங்கல் குன்றுகளில் காமே விளைகிறது.

வடகிழக்கில் குளிர்ந்த ஷாம்பெயின் பகுதியில் சுண்ணக்கல் நிலம். பழம் முழுமையாக இனிக்காததால் எஞ்சும் புளிப்பே குமிழி ஒயினுக்கு ஏற்றதாகிறது. ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ், வோஜ் மலையின் மழை மறைவில் இருக்கிறது. ரீஸ்லிங் போன்ற இரகப் பெயரைப் புட்டியில் அச்சிடுவது இங்கு வழக்கம். ரோன் பள்ளத்தாக்கின் வடக்கில் செங்குத்தான சரிவுகளில் சிரா, தெற்கின் வெப்பத்தில் கிரெநாஷ். தெற்கிலுள்ள சாத்தோநூஃப்-து-பாப்பில் 13 இரகங்கள் வரை அனுமதி உண்டு. சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடும் லுவார் ஆற்றின் கரைகள் பெரும்பாலும் வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்றவை. மத்தியதரைக் கடலோர லாங்குதோக், அளவில் மிகப்பெரிய உற்பத்திப் பகுதி. நெடுங்காலம் மலிவான ஒயினுக்கே அறியப்பட்டது.

முதல் விடை: நிலமே சுவை

பிரெஞ்சு மண்ணுக்குத் திராட்சைச் சாகுபடி ஏறத்தாழ கி.மு. 600-இல் மார்சேயில் குடியேறிய கிரேக்கர்களால் வந்து, ரோமானியர் காலத்தில் பரவியது. ஆனால் நிலமே சுவையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு வலுவூட்டியவர்கள் பர்கண்டியின் துறவிகள். 1098-இல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டெர்சியன் மடம் பல நூற்றாண்டுகள் ஒரே நிலங்களைப் பேணியது. எந்தச் சரிவில் பழம் முன்கூட்டிப் பழுக்கிறது, எங்கே பனி தாக்குகிறது என்ற அறிவு தலைமுறை தாண்டிக் கைமாறியது. அரசும் துணை நின்றது: 1395-இல் பர்கண்டிப் பிரபு பிலிப், மிகுதியாகக் காய்க்கும் காமே கொடிகளைப் பிடுங்கும்படி ஆணையிட்டார்.

மண், சரிவு, வானிலை, மனித மரபு ஆகியவை சேர்ந்த தொகுப்பைப் பிரெஞ்சுக்காரர் 'தெர்வார்' என்கின்றனர். இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் நீண்ட அனுபவத்தில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிலங்களில், ஒரே இரகத்தில், ஒரே ஆண்டில் வேறுபட்ட ஒயின் கிடைப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

பலவீனத்துக்கும் பர்கண்டியே சான்று. சீத்தோ துறவிகள் மதில் எழுப்பிய குளோ-து-வூஜோ தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதலாகி, பிற்காலத்தில் பாகம் பிரிந்து, இன்று ஏறக்குறைய 80 உரிமையாளர்கள் கையில் இருக்கிறது. ஒரே மதிலுக்குள், ஒரே பெயரில் வெளிவரும் ஒயின்களின் தரத்திலும் விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு. தோட்டத்தின் மேற்பகுதிக்கும் தாழ்பகுதிக்கும் மண் வேறு என்பது ஒரு விளக்கம்; உழைப்பவர் வேறு என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

இரண்டாம் விடை: அறிவியல் காட்டும் நிலம்

பாறையின் சுவை வேர் வழியே பழத்தில் ஏறுகிறது என்ற கருத்து இன்றும் பரவலாக இருக்கிறது. ஆனால் கொடி உறிஞ்சுவது நீரில் கரைந்த மிகச் சிறிய அளவு தனிமங்களை மட்டுமே. அந்த அளவில் அவற்றுக்குச் சுவை இராது. 'கல்லின் சுவை' என்று ஒயினில் சொல்லப்படுவதைப் பாறையோடு நேரடியாக இணைக்க இயலாது என்று நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் வாதிட்டுள்ளார்.

அதனால் மண் பொருட்டல்ல என்று ஆகிவிடாது. போர்தோவின் ஜெரார் செகேன், மெதோக்கின் சிறந்த தோட்டங்களை ஆராய்ந்து, மண்ணின் வேதிக் கலவையைவிட அது நீரைத் தேக்கி விடுவிக்கும் முறையே முக்கியம் என்று காட்டினார். மழை நீர் விரைந்து வடிந்து, வறட்சியில் ஆழத்திலிருந்து சிறிது ஈரம் கிடைக்கும் நிலத்தில் கொடி இலையாகத் தழைப்பதைக் குறைத்துப் பழத்தை முதிர்விக்கிறது. 2004-இல் கோர்னேலிஸ் வான் லேவன் குழுவினர் சேன்-எமிலியோனில் மூன்று மண் வகை, மூன்று இரகம், ஐந்து பருவம் என ஒப்பிட்டதில், ஆண்டின் வானிலை முதலிடத்திலும் மண் அடுத்தும் இரகம் அதற்கு அடுத்தும் தாக்கம் செலுத்தின.

வானிலையை மட்டும் முன்னிறுத்திய கலிஃபோர்னிய மரபும் உண்டு. 1944-இல் அமெரினும் விங்க்லரும் வளர்பருவத்தின் வெப்பத்தைக் கூட்டி, பகுதிகளை ஐந்தாகப் பிரித்தனர். எந்த இரகத்தை எங்கே நடலாம் என்று முடிவெடுக்க அது உதவியது. பக்கத்துப் பக்கத்துச் சரிவுகளின் வேறுபாட்டை மட்டும் அதனால் விளக்க முடியவில்லை. திராட்சையின் மேல் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது என்று 2014-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு புதிய வாசலைத் திறந்தது. அந்த மாற்றம் நாவில் உணரும் அளவுக்குச் சுவையை மாற்றுகிறதா என்பது இன்னும் ஆய்வுக்குரியது.

மூன்றாம் விடை: கையும் கருவியும்

வேதியியலாளர் ஷாப்தால் 1801-இல், பழுக்காத ஆண்டுகளில் சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை உயர்த்தும் முறைக்கு அறிவியல் ஆதரவு அளித்தார். நிலம் தராததைக் கை தரலாம் என்பதற்கு அது முன்னோடி. 20-ஆம் நூற்றாண்டில் போர்தோவின் எமில் பெய்னோ, பழுத்த பழம், தூய்மையான பாதாளக் கூடம், கட்டுப்படுத்திய நொதித்தல் ஆகியவற்றை வலியுறுத்தி ஒரு தலைமுறை உற்பத்தியாளரையே மாற்றினார்.

பிலாக்ஸெரா என்ற நுண்பூச்சியும் இந்த விவாதத்தில் இடம்பெறும். 1863 அளவில் தெற்கு ரோனில் காணப்பட்டு, 1868-இல் பிளான்ஷோன் குழுவினரால் அடையாளம் காணப்பட்ட அப்பூச்சி, பிரான்சின் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டியதுதான் தீர்வு. இன்று பிரெஞ்சு நிலத்தில் நிற்கும் கொடிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேரில் வளர்பவை. மண்ணுக்கும் பழத்துக்கும் இடையே மனிதக் கை வைத்த வேர் இருக்கும்போது, நிலத்தின் குரல் கலப்பின்றி ஒலிக்கிறது என்று சொல்வது கடினம்.

கைப்பக்குவ வாதத்தின் பலவீனம் அதன் முடிவில் வெளிப்படுகிறது. தொழில்நுட்பம் எங்கும் ஒரே மாதிரி பரவினால் ஒயின்களும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. போஜொலேயின் ஜூல் ஷோவே, இரசாயனச் சேர்க்கையைக் குறைத்துக் காட்டு ஈஸ்டில் நொதிக்கவிடும் முறையை ஆராய்ந்தார். இன்றைய 'இயற்கை ஒயின்' இயக்கம் அவரையே முன்னோடியாகக் கொள்கிறது. ஆனால் குறைவாகத் தலையிடுவதும் தேர்ந்தெடுத்த ஒரு முறைதான். அதற்கும் தேர்ந்த கை வேண்டும்.

நான்காம் விடை: சந்தையும் ஆறும்

புவியியலாளர் ரொஜே தியோன் 1959-இல் வெளியிட்ட பெருநூலில் மாறுபட்ட விளக்கம் தந்தார். புகழ்பெற்ற தோட்டங்கள் சிறந்த மண்ணைத் தேடிப் பிறக்கவில்லை. விற்க வழியுள்ள இடத்தில் பிறந்து, அந்தச் சந்தைக்காகவே தரம் உயர்த்தப்பட்டன என்றார் அவர். போர்தோ இதற்குப் பொருந்தும். 1152-இல் அக்கித்தேனின் எலெனோர் இங்கிலாந்தின் வருங்கால மன்னன் இரண்டாம் ஹென்றியை மணந்தபின் இங்கிலாந்துச் சந்தை போர்தோவுக்குத் திறந்தது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் மெதோக்கின் சதுப்பு நிலங்களை வடித்தனர். அந்தச் சரளை அதற்கு முன்னும் அங்கேதான் இருந்தது. அதை மதிக்க வைத்தவை முதலீடும் துறைமுகமும்.

1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகத் தயாரான போர்தோ தரவரிசையும் நாக்கால் ருசித்து உருவானதன்று. தரகர்கள் நெடுங்கால விலையை வைத்து அடுக்கினார்கள். ஐந்து படிகள் கொண்ட அந்த அடுக்கில் பெரிய மாற்றம் 1973-இல் மூட்டோன் ரோத்ஷீல்ட் முதல் படிக்கு உயர்ந்தது மட்டுமே. விலை தரத்தின் சுருக்கம் என்று ஆதரவாளரும், பெயர் நிலைத்ததால்தான் விலை நிலைத்தது என்று எதிர்ப்பாளரும் கூறுவர். தியோனின் விளக்கம் தோட்டங்கள் எங்கே தோன்றின என்பதற்கு வலுவானது. ஒரே சந்தைக்கு விற்ற அயல் நிலங்களுக்கிடையே ஏன் வேறுபாடு என்பதற்கு அவ்வளவாக உதவாது.

ஐந்தாம் விடை: சட்டம் வகுத்த எல்லை

பிலாக்ஸெராவுக்குப் பின் ஒயின் தட்டுப்பாட்டில் கலப்படமும் பெயர்த் திருட்டும் பெருகின. 1907-இல் லாங்குதோக்கில் பெரும் கிளர்ச்சி. 1911-இல் ஷாம்பெயினில் எல்லை குறித்த கலவரம். 1905-ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டம், 1919-ஆம் ஆண்டின் ஊர்ப்பெயர்ச் சட்டம் ஆகியவை முதல் படிகள். எல்லை மட்டும் வரைந்தால் போதாது, இரகம், விளைச்சல் அளவு, செய்முறை ஆகியவற்றுக்கும் விதி வேண்டும் என்பதைச் சாத்தோநூஃப்-து-பாப்பின் உற்பத்தியாளர்கள் பரோன் லெ ருவா தலைமையில் 1920-களில் செய்துகாட்டினார்கள். அந்த அனுபவத்தின் மேல் 1935 ஜூலை 30-இல் 'கட்டுப்படுத்தப்பட்ட ஊர்ப்பெயர்' முறை பிறந்தது. 1936-இல் அர்புவா, தவேல், சாத்தோநூஃப்-து-பாப் உள்ளிட்டவை முதலில் அதைப் பெற்றன.

இந்த முறை நிலத்தையும் கையையும் ஒரே ஆவணத்தில் இணைத்தது. கலப்படத்தைத் தடுத்து, சிறு உழவரின் பெயருக்குக் காப்பளித்தது. ஆனால் விதி ஒரு காலத்து வழக்கத்தை நிலைநிறுத்திவிடுகிறது. புதிய இரகம் நட நினைப்பவர் பெயரை இழக்க நேர்கிறது. எல்லைக்குள் சாதாரண ஒயின் செய்பவரும் பெயரின் பயனைப் பெற, எல்லைக்கு வெளியே சிறந்தது செய்பவர் அதை இழக்கிறார்.

ருசிப்பவரின் சாட்சியம்

நிலம், கை இரண்டில் எது பெரிது என்பதை நாக்கு தீர்த்துவிடும் என்று நினைக்கலாம். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய ருசிப்பில், பெயர் மறைத்து வைத்த புட்டிகளைப் பிரெஞ்சு நடுவர்களே மதிப்பிட்டனர். சிவப்பிலும் வெள்ளையிலும் கலிஃபோர்னிய ஒயின்கள் முதலிடம் பிடித்தன. பிரெஞ்சு நிலத்துக்கு மட்டுமே உயர்தரம் உரியது என்ற எண்ணத்தை அது ஆட்டங்காண வைத்தது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் தனித்த சுவை உண்டா என்ற கேள்வியை அது தொடவில்லை.

2001-இல் போர்தோவில் மொரோ, புரோஷே, துபூர்தியே ஆகியோர் நடத்திய சோதனை இன்னும் கூர்மையானது. வெள்ளை ஒயினுக்கு வாசனையற்ற சிவப்புச் சாயம் ஏற்றி 54 மாணவரிடம் கொடுத்தபோது, அதன் மணத்தை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் விவரித்தனர். கண் கண்டது மூக்கை வழிநடத்தியது. புட்டியின் மேல் உள்ள பெயரும் அவ்வாறே வழிநடத்தக்கூடும் என்பதால், ருசிப்பவரின் சாட்சியத்தைத் தனித்த சான்றாகக் கொள்ள இயலாது.

தமிழ் நிலத்தில் இக்கேள்வி

இறக்குமதி ஒயின் தமிழகத்துக்குப் புதிதன்று. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56-ஆம் பாடல் சொல்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கண்டெடுக்கப்பட்டன. அந்த வணிகம் உள்நாட்டிலும் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அது சான்று. இங்கு வந்தது பானமும் பொன்னும். திராட்சைச் சாகுபடி அந்த வணிகத்தோடு வேரூன்றியதற்குச் சான்றில்லை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய இரகம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. பிரான்சில் குளிர்காலம் கொடியை உறங்க வைக்கிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் அந்த உறக்கம் இல்லை. உழவர் கவாத்து செய்யும் நாளே பருவத்தைத் தொடங்கி வைக்கிறது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் முதிர்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாறுவதால் ஆண்டு முழுவதும் பழம் சந்தைக்கு வருகிறது. பந்தலில் படர்ந்த கொடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்று, உழவர் தேர்ந்தெடுக்கும் கவாத்து நாள் மூன்றும் கலந்த இந்த விளைச்சலில் நிலத்தின் பங்கையும் கையின் பங்கையும் தனித்தனியே எடைபோடுவது பர்கண்டியைவிடவும் கடினம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கு அடிப்படையான 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்கான பதிவகம் சென்னையில் இயங்குகிறது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு ஒயினுக்கும் வடிமதுவுக்கும் மட்டும் கூடுதல் காப்பு தருகிறது. அந்தச் சலுகையை மற்றப் பொருள்களுக்கும் விரிக்க வேண்டும் என்று வாதிட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. டார்ஜிலிங் தேயிலைக்கும் மதுரை மல்லிக்கும் கிடைக்காத காப்பு ஷாம்பெயினுக்கு ஏன் என்ற வினா நியாயமானதே.

தீராத கேள்விகளும் மதிப்பீடும்

இன்று பழைய விடைகள் அனைத்தையும் வெப்பமயமாதல் சோதிக்கிறது. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையிலான அறுவடை நாள்களைத் தொகுத்த ஆய்வு, 1988-க்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாள் முன்னேறியிருப்பதைக் காட்டியது. 2021-இல் போர்தோவுக்குப் போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால் உள்ளிட்ட ஆறு புதிய இரகங்கள் சோதனை அடிப்படையில் அனுமதிக்கப்பட்டன. வானிலையும் இரகமும் மாறியபின் பழைய ஊர்ப்பெயர் எதைக் குறிக்கும் என்பதற்குத் தெளிவான விடை இன்னும் இல்லை. நுண்ணுயிரின் பங்கும், எதிர்பார்ப்பைக் கழித்தபின் நாக்கு உணரும் வேறுபாட்டின் அளவும் திறந்த கேள்விகளே.

இதுவரையிலான சான்றுகளை ஒன்றுசேர்த்தால் சில முடிவுகளை எச்சரிக்கையோடு கூறலாம். நிலம் சுவையைப் பாதிக்கிறது. ஆனால் பாறையின் சுவையாக அல்லாமல், நீர், வெப்பம், சரிவு வழியாக. கை அந்த வாய்ப்பை நிறைவேற்றவும் வீணாக்கவும் வல்லது. சந்தை எந்த நிலம் கவனிக்கப்படும் என்பதை முடிவுசெய்கிறது. இம்மூன்றையும் ஊர்ப்பெயர் என்ற ஒரே வாக்குறுதியாகக் கட்டிக் காத்தது உற்பத்தியாளர் கூடி வகுத்த விதி. 1919-ஆம் ஆண்டின் எல்லைச் சட்டம் தனித்து நின்று போதாமல் போனதும், செய்முறை விதிகளோடு வந்த 1935-ஆம் ஆண்டின் முறை நிலைத்ததும் இதையே காட்டுகின்றன.

கம்பத்துத் திராட்சைக்கும் தமிழகத்தின் மற்றப் புவிசார் பொருள்களுக்கும் இதில் பாடம் உண்டு. பதிவுச் சான்றிதழ் தொடக்கம் மட்டுமே. எல்லைக்குள் என்ன விளைய வேண்டும், எப்படி விளைய வேண்டும், யார் சோதிக்க வேண்டும் என்பதை உழவரே கூடி முடிவுசெய்து, அதை ஆண்டுதோறும் நடைமுறைப்படுத்த வேண்டும். அப்போதுதான் ஊர்ப்பெயர் விளைவித்தவருக்கு நல்ல விலையையும் வாங்குபவருக்கு நம்பிக்கையையும் தரும்.